பத்துக் கிலோவாற்றா, பழைய பிறிட்ஜா?

வலிகாமத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. வயது 63. வீட்டிலிருந்து அரை மைல் தள்ளி ஆறு பரப்பில் கணவர் சின்ன வெங்காயம் செய்கிறார். கொட்டிலில் இரண்டு பசுக்கள். மாதம் 240 அலகு மின்சாரம் போகிறது; பட்டியல் பத்தாயிரம் ரூபாவைத் தாண்டுகிறது. வீட்டுக்கு வந்த சோலார் முகவர் ஒருவர் 10 கிலோவாற்று போடச் சொல்கிறார். விலை 15 லட்சம். பெரிதாகப் போட்டால் போட்ட முதல் கெதியில் திரும்பி வரும், நாலே வருடம், அதன் பிறகு எல்லாம் இலாபம், கரண்ட் போனாலும் உங்கள் வீட்டில் வெளிச்சம் இருக்கும் என்பது அவர் பேச்சு. கனடாவிலுள்ள மகன் 7 லட்சம் தருகிறார். மீதி 8 லட்சத்தை 12 வீத வட்டியில் 7 வருட வங்கிக் கடனாக எடுப்பதா, நகையை அடகு வைப்பதா என்று வீட்டில் விவாதம். 3 கிலோவாற்றுக்கு 5.7 லட்சம், 5 கிலோவாற்றுக்கு 8.5 லட்சம் என்ற விலைகளையும் கேட்டு வைத்திருக்கிறார். சமையல் வாயுவை விட்டு மின்னடுப்புக்கு மாறலாமா, தோட்டத்துக்கு 3.5 லட்சத்தில் சோலார் பம்ப் போடலாமா என்பன மற்றக் கேள்விகள். கடைசி வரியில், மீற்றர் இன்னும் காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலேயே இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

ரீச்சர், வணக்கம். பட்டியலின் படத்தையும், பிறிட்ஜின் வயதையும், மின்விசிறிகளின் எண்ணிக்கையையும் கேளாமலே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். கணக்கைச் சரியாகப் பார்க்க அது பெரிய உதவி. முகவர் சொன்னதில் பொய் குறைவு. ஆனால் அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்: உங்கள் வீட்டில் ஒவ்வோர் அலகுக்கும் வெவ்வேறு விலை.

பட்டியலைப் பின்னாலிருந்து வாசியுங்கள்

2025 ஜூனில் வந்த கட்டணப்படி, மாதம் 60 அலகுக்கு மேல் பாவிக்கும் வீட்டுக்கு முதல் 60 அலகு 12.75 ரூபா வீதம், அடுத்த 30 அலகு 18.50, அதற்கடுத்த 30 அலகு 24, பிறகு 180 வரைக்கும் 41, அதற்கு மேலே 61. நிலையான கட்டணமும் படிப்படியாக ஏறும்: 180 வரை நின்றால் 1,500, தாண்டினால் 2,100. உங்கள் 240 அலகைப் போட்டால் வரி நீங்கலாக 10,260 ரூபா. இதில் கடைசி 60 அலகு மட்டும் 3,660 ரூபாவைத் தின்கிறது. முதல் 60 அலகுக்கு நீங்கள் கட்டுவது வெறும் 765.

ஆகவே குறைக்கத் தொடங்கினால் 61 ரூபா அலகுதான் முதலில் கழியும். அதைக் கழிக்கக் கூரைக்கு ஏறத் தேவையில்லை.

உங்கள் பிறிட்ஜுக்கு 16 வயது. அந்த வயதுப் பெட்டி மாதம் 60 முதல் 75 அலகு வரை இழுப்பது வழமை. அதே அளவுள்ள இன்வேட்டர் வகைப் புதுப்பெட்டி 25 முதல் 30 அலகில் ஓடும். வாங்க முதல் ஒரு சோதனை செய்யுங்கள். கதவுக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுங்கள். தாள் தடையில்லாமல் வந்தால் றப்பர் தளர்ந்துவிட்டது. அதை மாற்றினாலேயே கொஞ்சம் இறங்கும். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் ஒரு சாண் முன்னுக்கு இழுத்து விடுங்கள்.

மின்விசிறிகள் நான்கும் பழைய 75 வாற்று வகை. ஒன்று நாளுக்கு 12 மணித்தியாலம் சுற்றினால் மாதம் 27 அலகு. தூரிகையில்லா மோட்டர் உள்ள புதிய வகை 30 வாற்றில் அதே காற்றைத் தரும். மாதம் 11 அலகுக்கும் குறைவு. நான்கையும் மாற்ற வேண்டாம், இரவு முழுக்கச் சுற்றும் இரண்டை மாற்றுங்கள். விருந்தினர் அறை விசிறியை மாற்றினால் அதன் விலை உங்கள் காலத்தில் திரும்பாது.

பிறிட்ஜில் 38, விசிறிகளில் 32, ஆகமொத்தம் 70 அலகு. 240 என்பது 170 ஆகும். பட்டியல் 5,590 ஆகும். மாதம் 4,670, வருடம் 56,000 ரூபா மிச்சம். கடைக்காரர் சொல்லும் விலையை இந்த 56,000 ஆல் வகுத்துப் பாருங்கள், எத்தனை வருடத்தில் திரும்பும் என்று தெரியும்.

இன்னொன்று, கிணற்று மோட்டர். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றித்தான் தொடக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்க விடாமல் பிடிக்கும் அடிவால்வு கசிகிறது. சில்லறைச் செலவு, இந்த வாரமே செய்விக்கலாம்.

அதன் பிறகு சோலார்

இங்கேதான் முகவரின் கணக்கு மாறுகிறது. அவர் உங்கள் 240 அலகுப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டார். 170 அலகுக்கு இறங்கிய வீட்டில் சோலார் கழிக்கும் தொகையும் சிறுத்துவிடும். மிஞ்சும் அலகை மின்சார சபை வாங்குவதும் 61 ரூபாவுக்கு இல்லை. 2025 இல் மாற்றப்பட்ட விலைப்படி 5 கிலோவாற்று வரை அலகு 20.90 ரூபா, அதற்கு மேல் 20 கிலோவாற்று வரை 19.61. அயலில் முன்பு போட்டவர்கள் 27, 37 என்று வாங்குவதைக் கேட்டுவிட்டு அதே விலை உங்களுக்கும் வரும் என்று நினைக்க வேண்டாம். அது அவர்கள் ஒப்பந்தம் எழுதிய காலத்து விலை.

யாழ்ப்பாண வெயிலில் ஒரு கிலோவாற்று மாதம் சராசரி 115 அலகு தரும் என்று வைப்போம். 3 கிலோவாற்றில் 345 அலகு. வீட்டுக்கு 170 போக 175 மிஞ்சும்; அதற்கு 3,650 ரூபா வரும், பட்டியலில் 5,500 குறையும். மாதம் 9,150. போட்ட 5.7 லட்சம் 62 மாதத்தில் திரும்பும். இதே முறையில் 5 கிலோவாற்றுக்கு 61 மாதம், 10 கிலோவாற்றுக்கும் 61 மாதம். மூன்றும் ஐந்து வருடம்தான்! பெரிதாகப் போட்டால் கெதியில் முதல் வரும் என்பது உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை.

திரும்பும் காலம் ஒன்றானால், எது உங்கள் நித்திரையைக் கெடுக்கும் என்று பார்க்க வேண்டும். 8 லட்சம் கடனுக்கு மாதத் தவணை 14,100 ரூபா. 10 கிலோவாற்று சராசரி மாதத்தில் கையில் தரும் காசு 19,200. நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்து உற்பத்தி 700 அலகுக்கு விழுந்தால் கையில் வருவது 10,400. வங்கி மழை பார்க்காது. அதோடு உங்கள் இணைப்பு ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) 30 அம்பியர். 230 வோல்ற்றில் அது தாங்கக்கூடியது 7 கிலோவாற்றுக்கும் கீழே. 10 போட மூன்று கட்ட இணைப்புக்கு மாற வேண்டும். அந்தச் செலவு முகவரின் 15 லட்சத்துக்குள் இல்லை.

மூன்றாவது அபாயம் மத்தியான வெயில். ஒரே மின்மாற்றியில் பல வீட்டுச் சோலார் சேர்ந்தால், நடுப்பகலில் கம்பியின் வோல்ற்றளவு ஏறி, தகட்டின் நேரோட்டத்தை (DC) வீட்டுக்குரிய ஆடலோட்டமாக (AC) மாற்றும் இன்வேட்டர் தானாகவே நிற்கும். நல்ல வெயிலில் நிற்கிறதே, பழுதோ என்று பலர் கம்பனிக்கு ரெலிபோன் அடிப்பது இதனால்தான். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே உரிமையாளர்களைக் கேட்டது. விற்பதையே நம்பிப் பெரிதாகப் போட்டவருக்கு இந்த இழப்பு கூட. வீட்டுத் தேவைக்கு அளவாகப் போட்டவருக்குக் குறைவு.

என் அபிப்பிராயம்: மகன் தரும் 7 லட்சத்தில் 3 கிலோவாற்று, மீதி 1.3 லட்சம் பிறிட்ஜுக்கும் விசிறிகளுக்கும். கடனும் வேண்டாம், நகையும் பெட்டியிலேயே இருக்கட்டும். மகன் பின்னர் கூடத் தர விரும்பினால் 5 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கரண்ட் போனால் வெளிச்சம் இருக்குமா?

இராது. மின்கம்பியோடு இணைத்த சாதாரண இன்வேட்டர், கம்பியில் மின்சாரம் இல்லையென்று கண்டவுடன் தன்னையும் அறுத்துக்கொள்ளும். அறுக்காவிட்டால் உங்கள் கூரை மின்சாரம் வீதிக் கம்பிக்குப் போய், திருத்த ஏறியவரைக் கொல்லும். 2025 பெப்ரவரி 9 முற்பகல் நாடு முழுக்க மின்சாரம் நின்றபோது, நல்ல வெயிலுக்குக் கீழே ஆயிரக்கணக்கான கூரைச் சோலார்கள் சும்மா கிடந்தன.

மின்தடையில் வீடு ஓட வேண்டுமானால் பற்றறி ஏற்கும் கலப்பு இன்வேட்டரும் பற்றறியும் வேண்டும். 5 கிலோவாற்று மணி கொள்ளும் லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றறி ஒன்று, புதுப் பிறிட்ஜையும் இரண்டு விசிறியையும் விளக்குகளையும் ஓர் இரவு தாங்கும். மோட்டரையும் மின்னடுப்பையும் அதில் கொடுக்கக் கூடாது. இப்போது பற்றறி வாங்காவிட்டாலும், இன்வேட்டரைக் கலப்பு வகையாக எடுத்தால் என்ன வித்தியாசம் என்று விலை கேளுங்கள். மாலை உச்ச நேரத்தில் பற்றறியிலிருந்து தரும் மின்சாரத்துக்குக் கூடிய விலை என்ற திட்டமும் வந்திருக்கிறது. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் பாடக்குறிப்பு எழுதியவர் நீங்கள். ஒரு மணித்தியால மின்தடைக்குப் பல லட்சம் செலவழிப்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

கையெழுத்து வைக்க முதல்

முதலில் மீற்றர். மின்சார சபையோடு ஒப்பந்தம் எழுதுபவர் கணக்கின் உரிமையாளராக இருக்க வேண்டும். மாதப் பணமும் அவர் பெயருக்கே போகும். தகப்பனாரின் இறப்புச் சான்றிதழ், வீட்டு உறுதி, உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றோடு பிரதேச மின்பொறியியலாளர் அலுவலகம் போய்ப் பெயரை மாற்றுங்கள். உறுதியில் வீடு சீதனமாக உங்கள் பெயரில் இருப்பதால் சிக்கல் குறைவு. அதே இடத்தில், உங்கள் மின்மாற்றியில் இன்னும் சோலார் சேர்க்க இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அனுமதி கடிதமாக வரும் வரைக்கும் கம்பனிக்கு முற்பணம் வேண்டாம். கம்பனி இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் பதிவிலுள்ளதா என்று பாருங்கள்.

நிழல். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், ஆனியில் உச்சிக்கு வடக்கே நிற்கும். ஆகவே தெற்குப் பனையின் நிழல் மார்கழியிலும் வடக்குத் தென்னையின் நிழல் ஆனியிலும் கூரையில் விழும். முகவர் ஒரு நாள் வந்து பார்த்தால் ஒன்றுதான் தெரியும். தகடுகள் சங்கிலிபோல் தொடுக்கப்படுவதால் ஒரு தகட்டில் ஓலை நிழல் விழுந்தாலும் முழு வரிசையின் உற்பத்தி அடிபடலாம். காலை 9, மத்தியானம் 12, பின்னேரம் 3 மணிக்குப் படம் எடுத்து வையுங்கள். எங்கள் அகலக்கோட்டில் தெற்கு நோக்கி 10 பாகை சாய்வு போதும்.

கூரை. உங்களுடையது ஓட்டு வீடு. 3 கிலோவாற்றுக்கு 550 வாற்றுத் தகடுகள் ஆறு வேண்டும். ஒன்று ஏறத்தாழ 28 கிலோ. கொக்கிகள் கைமரத்தில் இறங்க வேண்டும், சலாகையில் இறக்கினால் கார்த்திகைப் புயலில் தகட்டோடு ஓடும் போகும். பனங்கைமரத்தில் கறையான் இருக்கிறதா என்று தச்சரைக் கொண்டு தட்டிப் பாருங்கள். கடல் தூரமில்லை, ஆணி, நட்டு எல்லாம் 316 தரத் துருவேறா உருக்காக இருக்கட்டும், சட்டங்கள் அலுமினியமாக இருக்கட்டும்.

புவித்தொடுப்பு (ஏர்த்). இதைத்தான் எல்லோரும் அவசரமாக முடிப்பார்கள். எங்கள் நிலத்தில் இரண்டு அடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல். செப்புக் கம்பி இறங்காவிட்டால் பாதியில் வெட்டிவிட்டு மண் மூடிவிடுவார்கள். கோடையில் காய்ந்த கல் மின்னலை நிலத்துக்கு விடாது, இன்வேட்டர் எரியும். ஈரம் நிற்கும் இடத்தில் குழி வெட்டிப் போடச் சொல்லுங்கள். தடையை அளந்து, 10 ஓமுக்குக் குறைவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மின்னல் நேரத்தில் திடீரென ஏறும் வோல்ற்றளவைத் தடுக்கும் மின்னெழுச்சிக் காப்பு நேரோட்டப் பக்கமும் ஆடலோட்டப் பக்கமும் வேண்டும்.

உத்தரவாதம். 25 வருடம் என்பது தகட்டின் உற்பத்தித் திறனுக்கு மட்டும். இன்வேட்டருக்குப் பெரும்பாலும் 10 வருடம். அதன் பிறகு ஒன்று வாங்க வேண்டி வரும் என்று இப்போதே கணக்கில் வையுங்கள். வெயில் படும் சுவரில் அதை மாட்ட விடாதீர்கள்.

பராமரிப்பில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் மழையில்லை, செம்மண் தூசி தகட்டில் படியும். அதைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் கேத்தல் அடியில் படிவது போல வெள்ளைச் சுண்ணப் படிவு கண்ணாடியில் பிடிக்கும். பிறகு உரஞ்சினாலும் போகாது. மாரியில் ஒரு பீப்பா மழைநீர் பிடித்து வையுங்கள். விடியற்காலையில், தகடு சூடேற முதல், மெல்லிய துணி கட்டிய நீளத் தடியால் கழுவினால் போதும்.

அடுப்பு

12.5 கிலோ சிலிண்டர் ஒன்றின் வேலையை மின்காந்த அடுப்பு (இண்டக்சன் வகை மின்னடுப்பு) ஏறத்தாழ 100 அலகில் முடிக்கும். சிலிண்டர் 3,700 ரூபா என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு, 240 அலகு பாவிக்கும் நிலையில் அடுப்பை மாற்றினால் அந்த 100 அலகும் 61 ரூபா வீதம் 6,100 ஆகும், நட்டம். சோலார் போட்ட பிறகு அதே 100 அலகு நீங்கள் 20.90க்கு விற்றிருக்கக்கூடிய அலகு, ஆகவே செலவு 2,090 மட்டும். ஆக, அடுப்பை மாற்றுங்கள், ஆனால் சோலாருக்குப் பிறகு. மழை மாதங்களில் மிகுதி அலகு இராது, அதற்கு ஒரு சிலிண்டர் வைத்திருங்கள்.

அதற்கும் முதல் உங்கள் கொட்டிலைப் பாருங்கள். இரண்டு பசுக்களையும் கட்டி வைத்துத் தீன் போட்டால் நாளுக்கு 20 கிலோ சாணம் கிடைக்கும். அதை 20 லீற்றர் தண்ணீரோடு கரைத்து 2 கனமீற்றர் சாணவாயுத் தொட்டியில் விட்டால் நாளுக்கு முக்கால் கனமீற்றருக்குக் குறையாத வாயு. மாதக் கணக்கில் ஏறத்தாழ 10 கிலோ சமையல் வாயுவுக்குச் சமம். பகலில் மேயவிட்டு இரவுச் சாணத்தை மட்டும் எடுத்தால் பாதிதான். தொட்டி நின்று போவதற்குக் காரணம் பெரும்பாலும் சமையலறை: சவர்க்காரத் தண்ணீர், தேசிக்காய்த் தோல் உள்ளே போனால் நுண்ணுயிர் சாகும். குழாய் வழியில் தாழ்வான இடத்தில் நீர் தேங்கினாலும் அடுப்பு விட்டு விட்டு எரியும். அங்கே ஒரு வடிகால் திருகு வைக்க வேண்டும். வெளிவரும் கரைசல் வெங்காயத் தறைக்கு நல்ல பசளை. வாயுவை விட இதுதான் உங்கள் கணவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தோட்டத்துப் பம்ப்

உங்கள் கணவர் ஐயாவுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இப்போதுள்ள பம்புக்கு மாதம் மண்ணெண்ணெய் 2,800 ரூபா, மழைக்காலம் போக 8 மாதம், வருடத்துக்கு 22,400. 3.5 லட்சத்தை இதனால் வகுத்தால் 15 வருடத்துக்கு மேலே போகிறது. இறைக்காத நாளிலும் மாரி முழுக்கவும் அந்தத் தகடு சும்மா கிடக்கும். கூரைத் தகடு சும்மா கிடக்கும் நாள் குறைவு. அரை மைல் தூரத்தில் இரவில் காவலும் இல்லை.

அதை விடப் பெரிய காரணம் கிணறு. எங்கள் நன்னீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீர் ஓர் அடி இறங்கினால், கீழே உவரின் எல்லை 40 அடி வரை மேலேறக்கூடும். மண்ணெண்ணெய் விலை ஐயாவின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. வெயில் இலவசம் என்றால் பம்ப் காலையிலிருந்து பின்னேரம் வரை ஓடும். ஒரு கோடையில் தண்ணீர் கரித்துவிட்டால் வெங்காயமும் போய், அடுத்த காணிக்காரரோடு சண்டையும் வரும்.

அந்த மண்ணெண்ணெயைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. மண்வாய்க்காலில் ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு பாத்திக்குப் போக முதலே நிலத்துக்குள் போகிறது. கிணற்றடியிலிருந்து பாத்தி வரை குழாய் போட்டு, தூவல் முறையில் விடியவோ பொழுதுபட்டோ இறைத்துப் பாருங்கள். இறைப்பு நேரம் எவ்வளவு குறைகிறது என்று ஒரு போகம் எழுதி வையுங்கள். குறைந்த நேரத்துக்கு எத்தனை வாற்றுப் பம்ப் போதும் என்று அப்போது தெரியும். அது இப்போது கேட்ட 3.5 லட்சம் பம்பின் பாதியளவாகவும் இருக்கலாம். அந்தக் குறிப்போடு திரும்ப எழுதுங்கள், பம்பின் கணக்கை அதை வைத்துப் போட்டுத் தருகிறேன். மீற்றரின் பெயர் மாற்றத்தை மட்டும் அதற்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம், ரீச்சர், திங்கட்கிழமையே தொடங்குங்கள்.